எலி மீசையும் என் காதும்

என் மகள் பெங்களூரில் எலிக்குச் சவரம் செய்கிறாள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. எலியின் மூஞ்சியில் ஒரு பக்கத்து மீசையை மட்டும் கத்தரித்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து அதன் மூளையில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கல்யாண வீடுகளில் "பொண்ணு என்ன பண்ணுது?" என்று யாராவது கேட்டால் போதும், நான் இந்தச் சவரக் கதையை எடுத்துவிடுவேன். பந்தியே சிரிக்கும். அவளும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரே ஒரு தடவை, சாப்பிடும்போது, அவள் அதை எனக்கு ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தாள். மூளையில் பெரும்பாலான செல்கள் ஒன்றையொன்று தூண்டிவிடுகிற கூட்டமாம். கொஞ்சம் செல்கள் மட்டும் அதைத் தடுக்கிற வேலை பார்க்கின்றன. அந்தத் தடுப்புச் செல்கள் இல்லாவிட்டால் சின்னச் சேதிக்கெல்லாம் மூளை முழுக்கக் கூச்சல் போட ஆரம்பித்துவிடும். விஷயம் என்னவென்றால், அந்தச் செல்களும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சேதி வந்துகொண்டே இருந்தால் அவை சுறுசுறுப்பாக இருக்கின்றன. எலி மீசையால்தான் எதையும் தொட்டுப் பார்க்குமாம்; அதை வெட்டிச் சேதியை நிறுத்தினால் மந்தமாகிவிடுகின்றன. முன்பு எழுப்பிய அதே தூண்டுதல் இப்போது அவற்றை எழுப்பப் போதாது. இதைத்தான் அவள் வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தாள்.

வேலை இல்லாதவன் சோம்பேறி ஆவான் என்று கண்டுபிடிக்க எலி எதற்கு, எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தால் நானே ஆளைக் காட்டியிருப்பேனே என்றேன். அவள் மோர் கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். பெயர்தான் அனுமதிப் பிரிவு. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நான் கொடுக்காத அனுமதிகள். படிக்கட்டு அகலம் போதாது, பின்பக்கம் இடம் விடவில்லை, திருப்பி அனுப்பு. என் மேஜையைத் தாண்டி ஒரு வரைபடம் போனால் அந்த வீட்டுக்காரர் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்காது.

ரிட்டயர் ஆன பிறகு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டி ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருக்கிறோம். காவேரிக்குப் போகிற வேனெல்லாம் எங்கள் வாசலில் வந்துதான் ஹாரன் அடிக்கும். போன மார்கழியில் சந்து முனைப் பிள்ளையார் கோயிலுக்குப் புதிதாக இரண்டு ஸ்பீக்கர் வாங்கி, ஒன்றை என் பால்கனியைப் பார்த்துக் கட்டினார்கள். விடியற்காலையில் பக்தி என் தலையணைக்குள் வந்து இறங்கியது. நான் நல்ல தமிழில் ஒரு புகார் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயில் கமிட்டிக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, சார், சாமி பாட்டுதானே, புண்ணியம் சார் என்றார். முப்பது வருஷம் நான் திருப்பி அனுப்பிய காகிதங்களுக்கெல்லாம் சேர்த்து அந்த ஆள் ஒரே நாளில் பழி தீர்த்துவிட்டார்.

அன்றைக்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அது போதவில்லை. கீழ் வீட்டுக்காரர் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரும்புத் தகட்டைச் சுத்தியால் அடிக்கிற இடம். அவர் அங்கே மாட்டிக்கொள்கிற இயர் மஃப் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு காதையும் மூடுகிற பெரிய கிண்ணம், நடுவில் தலைக்கு மேல் ஒரு பட்டை. மாட்டினேன். உலகம் வாயை மூடிக்கொண்டது. அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது.

மார்கழி முடிந்தது, ஸ்பீக்கரைக் கழற்றினார்கள், நான் மஃபைக் கழற்றவில்லை. காலையில் பல் தேய்த்ததும் மாட்டினால் ராத்திரி படுக்கும்போதுதான் எடுப்பேன். என் மனைவி முதலில் சத்தமாகப் பேசிப் பார்த்தாள், பிறகு கையால் சைகை காட்டினாள், பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள். வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை என்று நினைத்தேன். அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

மாசி மாதத்தில்தான் கோளாறு தெரிந்தது. மஃபைக் கழற்றினால் டம்ளரை மேடையில் வைக்கிற சத்தம் காதுக்குள் ஊசியாக இறங்கியது. குக்கர் விசில் அடித்தால் கழுத்து வரை வலித்தது. டம்ளர் செய்தவனைத் திட்டினேன். குக்கர் வாங்கிய மனைவியைத் திட்டினேன். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் தில்லைநகரில் ஒரு காது டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் பரிசோதனை செய்துவிட்டு, உங்கள் வயதுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, அந்த மூடியை மட்டும் தூரப் போடுங்கள் என்றார். வலிக்கிறது என்று வந்தவனிடம் காது நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு டாக்டர் எதற்கு. வெளியே வந்ததும் முதல் வேலையாக மஃபை மாட்டிக்கொண்டேன்.

பங்குனியில் மகளுக்கு ஏழாம் மாதம். உப்பிலியபுரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கைக்கு ஏழெட்டாகக் கண்ணாடி வளையல். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை அசைத்தபோதெல்லாம், மஃபையும் தாண்டி, யாரோ என் தலைக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பொறுத்தேன். பிறகு, அதையெல்லாம் கழற்றி வை என்றேன்.

என் மனைவி கழுவி எடுத்துவந்த ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். வளைகாப்பு வளையலைப் பிரசவம் ஆகிறவரை கழற்றுவது எங்கள் பக்கம் கிடையாது. வயிற்றில் இருக்கிற பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்கும் என்பார்கள். இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்தவள் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசினாள். பெற்ற அப்பனே இப்படிச் சொன்னதாக உப்பிலியபுரத்துக்குத் தெரிந்தால் நான் எந்த முகத்தோடு சம்பந்தி அம்மாவைப் பார்ப்பேன் என்று அழுதாள்.

மகளுக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வளையலைக் கழற்றவில்லை. அம்மாவின் மனசும் நோகக்கூடாது, அப்பாவின் காதும் நோகக்கூடாது என்று இரண்டு கையிலும் வளையல் மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கட்டுப் போட்ட நோயாளி மாதிரி மூன்று நாள் வீட்டுக்குள் நடந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நாலாம் நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, மஃபைக் கழற்றச் சொன்னாள். எப்போதிருந்து மாட்டுகிறேன், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்தச் சத்தம் முதலில் வலித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். பிறகு என்னையே பார்த்தாள்.

"எலிக்கு நான் வெட்டினேன். உங்களுக்கு நீங்களே வெட்டிக்கிட்டீங்கப்பா" என்றாள்.

காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னது சரி என்றாள். சத்தத்தையே உள்ளே விடாமல் அடைத்ததில் மூளையில் தடுக்கிற செல்களுக்கு வேலை போய் மந்தமாகியிருக்கும், அதனால்தான் டம்ளர் சத்தம்கூடத் தடையில்லாமல் உள்ளே போய் இடியாக விழுகிறது என்றாள். எலியில் பார்த்ததை மனுஷனுக்கு அப்படியே சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த நேர்மை என்னிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் எலியா என்று குதிக்கத்தான் நினைத்தேன். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் நினைவுக்கு வந்து வாயை அடைத்தது. ஒரு மேலதிகாரியிடம் மோதியதில் என்னை எட்டு மாதம் பழைய ஃபைல் அறையில் போட்டிருந்தார்கள். ஒரு காகிதம் என் மேஜைக்கு வராது. திரும்பி அனுமதிப் பிரிவுக்கு வந்த முதல் வாரம், வந்ததிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று ஏறினால் தலை இடிக்கிற படிக்கட்டு. அந்த வீடு இன்றைக்கும் உறையூரில் இருக்கிறது. குறை கண்டுபிடிக்கிற கண் எட்டு மாதத்தில் எங்கே போனது என்று எனக்கே விளங்கவில்லை. எலியைக் கேலி செய்தவனுக்கு இதைச் சொல்ல வாய் வருமா. சொல்லவில்லை.

சரியாக்க முடியும் என்றாள் அவள். ஒரேயடியாக மஃபைத் தூக்கிப் போட வேண்டாம், தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்துக்குள் வர வேண்டும். ஃபேன் ஓடட்டும், குழாய் சொட்டட்டும், ரேடியோ முணுமுணுக்கட்டும். மூன்று நாளைக்கு ஒரு வளையலாகக் கைக்குட்டையிலிருந்து வெளியே எடுப்பேன் என்றாள். பிறகு நேராகவே சொன்னாள்: குழந்தை பிறந்தால் அழும். மஃபைக் கழற்றிவிட்டு அதைத் தூக்க முடிந்தால் இங்கே இருப்பேன். முடியாவிட்டால் பிரசவத்துக்கே உப்பிலியபுரம் போய்விடுவேன். பிறந்ததிலிருந்து தாத்தா முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து அது வளர வேண்டாம்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போனால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைவிட, அவள் அதைக் கோபமே இல்லாமல் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

முதல் வாரம் உண்மையாகவே செய்தேன். ஒரு வளையல் வெளியே வந்தது, இரண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வந்த அன்று தாங்கவில்லை. பாத்ரூமுக்குள் போய் இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு வந்தேன். ரிட்டயர் ஆன பிறகு முடி வெட்டுவதில் நான் அக்கறை காட்டியதில்லை. காதை மூடித் தொங்கிய முடி வசதியாகப் போயிற்று. பாதி உதட்டைப் பார்த்து, பாதி ஊகித்து அவளிடம் பேசினேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு வளையலுக்கும் நோட்டில் தேதி போட்டு எழுதினாள். வைகாசி பிறக்கும்போது இரண்டு கைக்குட்டையும் துவைத்துக் கொடியில் காய்ந்தன. பெங்களூரில் கூட வேலை செய்கிறவர்களிடம் எங்கப்பா தேறிட்டார் என்று போனில் சொன்னாள். உப்பிலியபுரம் பேச்சே எடுக்கவில்லை. ஊரான் வரைபடத்தில் ஒரு அங்குலம் குறைந்தால் திருப்பி அனுப்பிய யோக்கியன் நான், பெற்ற மகளின் நோட்டு முழுக்கப் பொய்யால் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவி மகளுக்காக வேண்டிக்கொள்ள சமயபுரம் போயிருந்தாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எதிர் வீட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பஞ்சையும் வைத்து, அதன் மேல் மஃபையும் மாட்டிக்கொண்டு பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்தேன். மகள் உள்ளே படுத்திருந்தாள்.

பேப்பரைப் படித்து முடித்துவிட்டு உள்ளே வந்தேன். ஹாலில் தரையெல்லாம் ஈரம். மகளின் அறையிலிருந்து வாசல் கதவு வரை தண்ணீர்த் தடம். வேலைக்காரப் பெண் பக்கெட்டைச் சாய்த்துவிட்டாள் என்று நினைத்து, யார் தண்ணி கொட்டினது என்று கத்தினேன். கத்திக்கொண்டே வாசலுக்குப் போனேன். அங்கே மகள் படியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு அம்மா அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். மகளின் புடவை நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்திருக்கிறது. அறையிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். கட்டிலில் தட்டியிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பால்கனிக் கதவுக் கண்ணாடியில் கையால் அடித்திருக்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பரைத் திருப்பினேனாம். பிறகுதான் அவளே படி இறங்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டப் போயிருக்கிறாள். வலது கையில் மூன்று வளையல் உடைந்து, மணிக்கட்டில் ரத்தம்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி கிளம்பினோம். மஃபை வீட்டிலேயே எறிந்துவிட்டு வந்திருந்தேன். வலி ஒன்று வந்து போன பிறகு, அவள் கையை நீட்டி என் முடியை ஒதுக்கினாள். காதிலிருந்து பஞ்சை இழுத்து எடுத்தாள். அது மஞ்சளாக அழுக்கேறி இருந்தது. எத்தனை நாள் பஞ்சு என்று அதைப் பார்த்தாலே தெரியும். அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்கிட்ட எந்த எலியும் பொய் சொன்னதில்லப்பா."

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், சாபம் கூட விட்டிருக்கிறார்கள். ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். எனக்கு அந்தச் சௌக்கியத்தில் ஒரு பங்கும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று சம்பந்தி அம்மா கார் எடுத்துக்கொண்டு வந்தார். மகளே போன் பண்ணி வரச் சொல்லியிருக்கிறாள். பத்தியச் சமையலுக்கு என்று என் மனைவியும் அதே காரில் ஏறினாள். ஏறுவதற்கு முன்னால் என்னிடம், உங்க காதுக்குப் பயந்து என் பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போகுது, கேட்டுச்சா என்றாள். கேட்டது.

வீட்டில் நானும் அந்த நிசப்தமும்தான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மஃபைக் கொண்டுபோய்க் கீழ் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். முடியைக் காதுக்கு மேல் ஒட்ட வெட்டிக்கொண்டேன். பஞ்சு டப்பாவைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு நான் செய்த கூத்தை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். காலையில் சமையலறையில் நின்று இரண்டு டம்ளரை ஒன்றோடொன்று தட்டுவேன். முதலில் மெதுவாக, மறுநாள் கொஞ்சம் பலமாக. ஒரு கைப்பிடி பருப்புக்குக் குக்கர் வைத்து, விசில் அடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எலி இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை, மீசை தானாக வளர்ந்துவிடும்.

பிறகு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்க் கூட்டத்தில் உட்கார ஆரம்பித்தேன். தர்ப்பணக்காரர்களின் மந்திரம், பூக்காரியின் சண்டை, வேன் ஹாரன் எல்லாம் மூன்று வாரத்தில் வெறும் எரிச்சலாகிவிட்டன. எரிச்சல் எனக்குப் பழகின விஷயம். வலியாக இல்லையே என்பதுதான் பெரிது. குணமாகிவிட்டது என்று நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. பண்ணினாலும் யார் நம்பப் போகிறார்கள்.

நாற்பது நாள் கழிந்து உப்பிலியபுரம் கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். அந்த டிரைவருக்கு ஏர்ஹாரன் என்றால் உயிர் போல. முன்னால் மாடு நின்றாலும் அடித்தான், ஒன்றும் இல்லாவிட்டாலும் அடித்தான். தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் குத்துப் பாட்டு. துறையூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலும் அதே கச்சேரி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் அவன் பரம்பரையையே திட்டிக்கொண்டு, காதில் ஒன்றும் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. சம்பந்தி அம்மா வாங்க என்றார். என் மனைவி தண்ணீர் கொண்டுவரப் போனாள். மகள் கூடத்தில் பாயில் உட்கார்ந்து குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் வலது காதைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் மடக்கி உள்ளே பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைத் திருப்பி மற்றக் காதையும் காட்டினேன். அதையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.